யாருக்கும் வேண்டாத ஒரு கடுகுச் செடியும் சில கணக்குப் பிள்ளைகளும்

ஐரோப்பாவில் ஏதோ ஒரு சின்ன ரயில் நிலையம். மார்ச் கடைசி. தண்டவாளத்துக்கு நடுவில் கிடக்கிற ஜல்லியை யாராவது குனிந்து பார்த்தால் அங்கே ஒரு செடி இருக்கும். தரையோடு ஒட்டி வட்டமாகப் பரப்பிய சில இலைகள், நடுவிலிருந்து ஈர்க்குச்சி மொத்தத்தில் ஒரு தண்டு, உச்சியில் மிளகைவிடச் சிறிய வெள்ளைப் பூக்கள். மொத்த உயரம் ஒரு சாண் இருந்தால் அதிகம். யாரும் குனிந்து பார்ப்பதில்லை என்பதுதான் விஷயம். சந்தையில் இதற்குக் கிலோ என்ன விலை என்று கேட்க முடியாது. பூங்கொத்தில் வைக்க லாயக்கில்லை. பயிரை அமுக்கி நாசம் பண்ணுகிற அளவுக்கு வீரியமும் கிடையாது. களைகளிலேயே கடைசி பெஞ்ச் என்று சொல்லலாம்.

பெயர் மட்டும் நீளம்: அராபிடாப்சிஸ் தாலியானா.

உலகத்தில் வேறு எந்தப் பூக்கும் தாவரத்தையும்விட இதைத்தான் மனிதன் அதிகமாகப் படித்திருக்கிறான். நெல்லுக்கு முன்னால், கோதுமைக்கு முன்னால், முழு மரபணுத் தொகுதியும் வாசிக்கப்பட்ட முதல் தாவரம் இது. 2000 டிசம்பரில் அது வெளியானது. விண்வெளியில் முளைத்து, பூத்து, விதையும் விட்ட முதல் தாவரமும் இதுவே (1982, சோவியத்தின் சல்யூட் 7). அப்பல்லோ பயணிகள் கொண்டுவந்த நிலவு மண்ணை நாசா மிகுந்த யோசனைக்குப் பிறகு 12 கிராம் கடன் கொடுத்தபோது, புளோரிடா பல்கலைக்கழகத்தில் அதில் விதைத்ததும் இதைத்தான். முளைத்தது. பிறகு வளர்ச்சி குன்றிப்போனது, ஆனால் முளைத்தது.

இதையெல்லாம் கேட்டவுடன் ஒரு வகை ஆட்களுக்கு மூக்கு விடைக்கும். 'வரிப்பணத்தில் களைச்செடி ஆராய்ச்சியா? இதனால் ஏழைக்கு என்ன பிரயோஜனம்? இந்தக் காசை நெல்லில் போட்டிருந்தால்?' 2008 அமெரிக்கத் தேர்தலில் சாரா பேலின் பழ ஈ ஆராய்ச்சியைக் கிண்டலடித்தாரே, அதே ரகம். எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். இவர்களுடைய கோளாறு ஒன்றுதான். தங்களைக் கணக்குத் தெரிந்தவர்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்குத் தெரியாததே கணக்குதான்.

முதலில் செடியைப் பார்ப்போம், ஏனென்றால் செடியைப் பார்க்காமல்தான் பாதிப் பேர் பேசுகிறார்கள்.

இது கடுகுக் குடும்பம். அதாவது நம் வீட்டு அஞ்சறைப் பெட்டிக் கடுகு, முள்ளங்கி, முட்டைக்கோஸ், காலிஃபிளவர் எல்லாம் இதற்குப் பங்காளிகள். அடையாளம் சுலபம். நான்கு இதழ்கள் சிலுவை போல நிற்கும். உள்ளே மகரந்தத் தாள்கள் ஆறு, அதில் நான்கு நெட்டை, இரண்டு குட்டை. காய் மெலிந்த நீளக் காய். நடுவே காகிதம் போல ஒரு தடுப்புச் சுவர், இரண்டு பக்கமும் கதவு போல ஓடு. முற்றிக் காய்ந்ததும் கதவுகள் கழன்று விதை கொட்டும். கடுகு வயலைப் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் புதிதில்லை.

காரமும் உண்டு. கடுகுக் குடும்பத்தின் காரம் செடிக்குள் காரமாக இருப்பதில்லை. ஒரு அறையில் ஒரு சரக்கு, பக்கத்து அறையில் அதை உடைக்கிற நொதி, இரண்டுக்கும் நடுவில் சுவர். புழு வந்து கடித்தால் சுவர் இடிந்து இரண்டும் கலக்கும், அப்போதுதான் மூக்கைத் துளைக்கிற அந்த நெடி உண்டாகும். ஆவக்காய்க்குக் கடுகை அரைத்துப் போட்டால் நெடி ஏறுவதும், தாளித்தால் ஏறாததும் இதனால்தான். எண்ணெய்ச் சூட்டில் நொதி செத்துவிடுகிறது. தண்டவாளத்து ஜல்லியில் கிடக்கும் இந்தப் பொடிச்செடியும் அதே ஏற்பாட்டோடுதான் பிழைக்கிறது. (கடுகைப் பற்றிய பழமொழி எல்லோருக்கும் தெரியும் என்பதால் இங்கே வேண்டாம்.)

இலை, தண்டு முழுக்க மெல்லிய மயிர். ஒவ்வொரு மயிரும் ஒரே ஒரு செல். இலையில் அந்த ஒற்றைச் செல் பெரும்பாலும் மூன்று கிளையாகப் பிரிந்து நிற்கும். விதை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. ஒரு கிராம் எடையில் சுமார் 50,000 விதைகள்.

இனி அதன் வாழ்க்கை. இயற்கையில் இது பெரும்பாலும் குளிர்கால ஒருபருவச் செடி. இலையுதிர்காலத்தில் முளைக்கும். தரையோடு தரையாக இலைகளைப் பரப்பிக்கொண்டு பனிக்காலம் முழுவதும் சும்மா கிடக்கும். வசந்தத்தில் பெரிய செடிகள் எழுந்து நிழல் போடுவதற்குள் அவசரமாகத் தண்டு விட்டு, பூத்து, காய்த்து, செத்துவிடும். கோடையில் அங்கே செடி இருக்காது. மண்ணில் விதை மட்டும் இருக்கும். அதிலும் எல்லா விதையும் ஒரே மழைக்கு முளைத்துவிடாது, உறக்கத்தின் ஆழம் விதைக்கு விதை மாறும். கையிலிருக்கும் எல்லாப் பணத்தையும் ஒரே சீட்டுக் கம்பெனியில் போடாத ஆளைப் போல.

தேனீக்காகவும் காத்திருப்பதில்லை. பூ சரியாக விரிவதற்குள் தன் மகரந்தத்தைத் தன் சூலகத்துக்கே கொடுத்துவிடுகிறது. இதன் நெருங்கிய உறவான அராபிடாப்சிஸ் லைராட்டா தன் மகரந்தத்தை ஏற்காது, வெளியிலிருந்துதான் வர வேண்டும். தாலியானா அந்தக் கட்டுப்பாட்டைக் காலப்போக்கில் தொலைத்துவிட்டது. லைராட்டாவின் மரபணுக்களை இதற்குள் வைத்தபோது தன் மகரந்தத்தை மறுபடி தள்ளியது என்று 2002ல் காட்டினார்கள். பழைய பூட்டின் மிச்சம் இன்னும் இருக்கிறது, சாவிதான் உடைந்திருக்கிறது. பலன் என்னவென்றால், ஜல்லியில் ஒரே ஒரு விதை விழுந்தாலும் அடுத்த வருஷம் ஒரு குடும்பமே இருக்கும்.

ஆக: சின்ன உடம்பு, குறைந்த ஆயுள், ஏராளமான விதை, துணை தேவைப்படாத இனப்பெருக்கம், சிக்கனமான மரபணுத் தொகுதி (சுமார் 13.5 கோடி எழுத்து, கோதுமைக்கு 1,600 கோடி). ஒன்றுமில்லாத இடத்தில் பிழைக்கப் பழகியவனுடைய சொத்துப் பட்டியல் இது. ஆய்வுக்கூடம் தேடியதும் அச்சு அசலாக இதே பட்டியலைத்தான். ஆறு வாரத்தில் ஒரு தலைமுறை, ஜன்னலோரத் தட்டில் நூறு செடி, தபால் உறையில் ஆயிரம் விதை. நெல்லை வைத்து இதைச் செய்ய எத்தனை ஏக்கர், எத்தனை வருஷம் வேண்டும் என்று அந்தக் கணக்குப் பிள்ளைகள் யாராவது போட்டுப் பார்த்ததுண்டா?

வரவு எப்போது வரும் என்பதுதான் அவர்களுடைய அடுத்த கேள்வி. இதற்குச் சரித்திரம் கொஞ்சம் தேவை.

ஜெர்மனியின் ஹார்ஸ் மலைப்பகுதியில் யோஹான்னஸ் தால் என்று ஒரு வைத்தியர். அந்த மலைச் செடிகளை எல்லாம் எழுதி வைத்தார், 1583ல் இறந்தார், புத்தகம் 1588ல் வந்தது. 'தாலியானா' அவர் பெயர்தான். லின்னேயஸ் 1753ல் வைத்த பெயரில் அதைச் சேர்த்தார். 1842ல் ஹெய்ன்ஹோல்ட் பேரினத்தை மாற்றி இன்றைய பெயரைக் கொடுத்தார். 1873ல் அலெக்ஸாண்டர் பிரவுன் பெர்லின் பக்கம் ஒரு விசித்திரச் செடியைப் பார்த்து எழுதினார். அதன் பூக்களில் இதழுக்குள் இதழாக வந்துகொண்டிருந்தது. எழுதி வைத்தார், அவ்வளவுதான். வேறு ஒன்றும் ஆகவில்லை.

1907ல் பிரீட்ரிக் லைபாக் என்ற மாணவர் பான் நகரில் முனைவர் பட்டத்துக்காக இதன் குரோமோசோம்களை எண்ணினார். ஐந்து ஜோடி. அவருக்குப் பெரிய குரோமோசோம்கள் தேவைப்பட்டன, இதனுடையவை மிகவும் பொடி. எனவே விட்டுவிட்டுப் போய்விட்டார். முப்பத்தாறு வருஷம் கழித்து, 1943ல், உலகம் எரிந்துகொண்டிருந்த நேரத்தில், மரபியலுக்கு இதைவிடத் தோதான தாவரம் கிடையாது என்று கட்டுரை எழுதினார். அவருடைய மாணவி எர்னா ரைன்ஹோல்ஸ் எக்ஸ் கதிரைப் பாய்ச்சிப் பிறழ்வுச் செடிகளை உண்டாக்கினார். ஹங்கேரியிலிருந்து வெளியேறிய ஜார்ஜ் ரெடெய் 1957ல் லைபாக்கின் விதைகளோடு அமெரிக்காவின் மிசௌரியில் வேலையைத் தொடங்கினார். அந்த விதையிலிருந்து அவர் பொறுக்கியெடுத்த வகைக்கு ஊரின் பெயரையே வைத்தார்: கொலம்பியா. 2000ல் வாசிக்கப்பட்ட மரபணுத் தொகுதி அந்தக் கொலம்பியாவினுடையது. எழுபதுகள் முடியும்வரை இந்தச் செடியோடு இருந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். எண்பதுகளில்தான் மேயரோவிட்ஸ், சாமர்வில் போன்றவர்கள் வந்தார்கள், கூட்டம் சேர்ந்தது.

1907ல் செலவு. 2000ல் வரவு. எந்த நிதியாண்டில் எழுதுவது இதை? மூன்று வருஷத்தில் லாபம் காட்டாத திட்டத்தை மூடு என்பவர்கள் கையில் 1910ல் பேனா இருந்திருந்தால் லைபாக்கின் கண்ணாடித் தகடுகள் அன்றே குப்பைக்குப் போயிருக்கும்.

பிரவுன் பார்த்த இதழ்ப் பூ என்ன ஆனது? 'அகேமஸ்' என்கிற ஒரு மரபணு கெட்டால் மகரந்தத் தாளும் சூலகமும் வர வேண்டிய இடத்தில் இதழ்களே திரும்பத் திரும்ப வரும் என்று பிற்பாடு தெரிந்தது. அது போன்ற செடிகளை வைத்து 1991ல் கோயனும் மேயரோவிட்ஸும் ஒரு விதி சொன்னார்கள். பூவின் நான்கு வளையத்திலும் என்ன வரும் என்பதை மூன்றே வகை மரபணுக்கள், கூட்டாகவும் தனியாகவும் நின்று தீர்மானிக்கின்றன. கூட்டிக் கழித்துப் பார்த்தால் பூவின் வரைபடம் வந்துவிடும். அடுக்கு ரோஜாவில் ஏன் அத்தனை இதழ் என்பதற்கும் அங்கிருந்துதான் வழி பிறந்தது. 1873ல் பிரவுனிடம் போய் 'இதனால் என்ன பிரயோஜனம்' என்று கேட்டிருந்தால் அவரால் ஒரு வார்த்தை சொல்லியிருக்க முடியாது.

காய் வெடிக்கிற கதையும் அப்படித்தான். இந்தச் செடியின் காய் எந்தக் கோட்டில் பிளக்க வேண்டும் என்று முடிவு செய்கிற இரண்டு மரபணுக்களை 2000ல் கண்டுபிடித்தார்கள். இரண்டும் கெட்டால் காய் வெடிக்காது. கடுகும் அதன் சகோதரப் பயிரான எண்ணெய்ப் பயிர் ரேப்பும் விளைவிக்கிறவர்களுக்கு, அறுவடைக்கு முன்னால் காய் வெடித்து விதை மண்ணில் கொட்டுவது நேரடி நஷ்டம். களைச்செடியின் காயைப் பிரித்துப் பார்த்த வேலை அங்கே வந்து உட்கார்ந்தது.

மனித உடம்புக்கே வந்த சில சங்கதிகள் இன்னும் வேடிக்கை. 1998ல் ஒரு பிறழ்வுச் செடியின் இலைகள் குச்சி குச்சியாக விரிந்து குட்டி ஆக்டோபஸ் மாதிரி இருந்தன. அர்கோநாட்டா என்ற ஆக்டோபஸ் வகையின் நினைவில் அந்த மரபணுவுக்கு அர்கோநாட் என்று பெயர் வைத்தார்கள். அந்தக் குடும்பத்துப் புரதம் நம் செல்களிலும் இருக்கிறது. 2018 முதல் சந்தைக்கு வந்திருக்கும் ஆர்என்ஏ குறுக்கீட்டு மருந்துகள் உடம்புக்குள் வேலை செய்வது அதன் தோளில் ஏறித்தான். இருட்டில் வளர்ந்தும் வெளிச்சத்தில் வளர்ந்ததைப் போல நடந்துகொண்ட நாற்றுகளிலிருந்து 'காப் 9' என்ற புரதக் கூட்டம் தெரியவந்தது. அதுவும் மனிதனிடம் உண்டு, புற்றுநோய் ஆராய்ச்சியாளர்கள் இன்று அதைத் துரத்துகிறார்கள். நீல ஒளியை உணரும் கிரிப்டோகுரோமின் மரபணு முதலில் கிடைத்தது 1993ல் இந்தச் செடியில். பிறகுதான் அது விலங்குகளின் உடல் கடிகாரத்திலும் இருக்கிறது என்று தெரிந்தது.

ஆனால் இந்தப் பட்டியலை வாசித்துவிட்டு 'பார், களைச்செடியால் மருந்து வந்துவிட்டது' என்று குதிப்பவர்களும் அதே தப்பைத்தான் செய்கிறார்கள். களைச்செடி மருந்து கொடுக்கவில்லை. அது ஒரு பெயரைக் கொடுத்தது, ஒரு கதவைக் காட்டியது, மருந்துக்கு வேறு நூறு பேர் வேறு நூறு இடத்தில் வேலை செய்தார்கள். பிரயோஜனத்தை வைத்தே இதை நியாயப்படுத்தினால், பிரயோஜனம் வராத ஆராய்ச்சியை நாளைக்கு இதே தராசில் நிறுத்து வெட்டுவார்கள். எது வரும் எது வராது என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. தெரிந்தால் அதற்கு ஆராய்ச்சி என்று பெயரில்லை, கொள்முதல் என்று பெயர் :)

செடியின் பக்தர்களுக்கும் ஒரு குட்டு வைத்தாக வேண்டும். இந்தச் செடி எல்லாவற்றையும் சொல்லித் தராது. நிலத்துச் செடிகளில் பெரும்பாலானவை வேரில் பூஞ்சையோடு கூட்டு வைத்து மண்ணிலிருந்து பாஸ்பரஸ் வாங்குகின்றன. கடுகுக் குடும்பம் அந்தக் கூட்டையே தொலைத்துவிட்டது, எனவே இதை எத்தனை உற்றுப் பார்த்தாலும் அது புரியாது. பயறு வகையின் வேர்முடிச்சு இதில் இல்லை. சோளம், கரும்பின் ஒளிச்சேர்க்கை உத்தி இதில் இல்லை. இதை ஒப்புக்கொள்ளாமல் எல்லாத் தாவரத்துக்கும் இதுவே போதும் என்று பேசுகிறவர்கள்தான் கிண்டலடிப்பவர்களுக்கு வாய்ப்புக் கொடுக்கிறார்கள்.

இன்னொன்று. ஆய்வுக்கூடத்தில் வளர்வது காட்டுச் செடியே அல்ல என்கிற அளவுக்கு ஆகிவிட்டது. காட்டில் இது பனிக்காலத்தை அனுபவித்தால்தான் பூக்கும். உள்ளே 'பூக்காதே' என்று சொல்லிக்கொண்டிருக்கும் ஒரு மரபணுவை (எஃப்எல்சி) வாரக்கணக்கில் நீளும் குளிர் மெல்ல மெல்ல வாயடைக்கிறது. எழுத்தை அழிப்பதில்லை, சுருட்டிக் கட்டி வைக்கிறது. குளிர் போன பிறகும் செல்கள் அதை நினைவில் வைத்திருக்கும், விதை உண்டாகும்போது கட்டு அவிழ்ந்து மறுபடி முதலிலிருந்து. நார்விச்சில் கரோலின் டீன் பல பத்தாண்டுகள் உட்கார்ந்து பிரித்த முடிச்சு இது. அதற்கு 2020ல் அவருக்கு வுல்ஃப் பரிசு கிடைத்தது. வேடிக்கை என்னவென்றால், எல்லோரும் வளர்க்கும் கொலம்பியா வகையில் அந்த மரபணுவைத் தூக்கிப் பிடிக்கும் இன்னொரு மரபணு உடைந்து கிடக்கிறது. அதனால்தான் அது குளிருக்குக் காத்திராமல் ஆறு வாரத்தில் காரியத்தை முடிக்கிறது. உலகத்தின் மிகப் பிரபலமான காட்டுச்செடி, குளிர்காலத்தை மறந்துபோன செடி. வசதிக்காக எடுத்த அந்த ஒன்றையே 'செடி' என்று நினைத்துக்கொண்டால் பாதி தாவரவியல் போயிற்று. நல்லவேளை, 2016ல் வெவ்வேறு ஊர்களில் பொறுக்கிய 1,135 வகைகளின் மரபணுத் தொகுதிகளைச் சேர்த்து வெளியிட்டார்கள். ஐபீரியப் பக்கம் பனியுகத்தைத் தாண்டி வந்த பழங்குடிகளும், ஆப்பிரிக்க மலைகளில் இன்னும் பழைய கிளைகளும் இருப்பது தெரிந்தது. நம் மேற்கு இமயமலைச் சரிவுகளிலும் இது காடாக வளர்கிறது.

கடைசியாக, கணக்கு என்ற பெயரில் நடந்த ஒரு கோமாளித்தனம். உலகம் முழுவதும் இத்தனை பேர் வேலை செய்தால் யார் எந்த மரபணுவுக்கு என்ன கண்டுபிடித்தார்கள் என்று ஒரு பொதுப் பேரேடு வேண்டாமா? 1999ல் 'டேர்' என்ற தரவுத்தளம் அதற்காகத் தொடங்கப்பட்டது. முதலில் 25,498 மரபணுக்கள் என்றார்கள், பிறகு புரதம் உண்டாக்குபவை மட்டும் 27,000க்கு மேல். ஒவ்வொன்றுக்கும் எதிரே, யாரோ ஒருவர் ஆய்வுக் கட்டுரையைப் படித்துப் பதிவு எழுத வேண்டும். சலிப்பான வேலை. புகழ் கிடையாது. முதல் பக்கச் செய்தி ஆகாது. அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை 2009லிருந்து இதற்கான பணத்தைப் படிப்படியாகக் குறைத்து 2013ல் நிறுத்தியது. தரவை உண்டாக்கக் கோடி கோடியாகக் கொடுத்தார்கள், அதை ஒழுங்காக எழுதி வைக்கிறவருக்குச் சம்பளம் இல்லை. சரக்கை வாங்கிக் குவித்துவிட்டு, கிடங்குக் கணக்கு எழுதுகிறவரை வீட்டுக்கு அனுப்புகிற முதலாளியை பி.காம் முதல் வருஷப் பையன்கூடத் திட்டுவான்.

அங்கே வேலை பார்த்தவர்கள் விடவில்லை. லாப நோக்கற்ற ஒரு நிறுவனமாக மாறி, பல்கலைக்கழகங்களிடம் சந்தா வாங்கிப் பேரேட்டைத் தொடர்கிறார்கள். கெட்டிக்காரத்தனம்தான், பாராட்ட வேண்டியதுதான். ஆனால் பணம் கட்ட முடியாத கல்லூரியில் படிக்கிற பிள்ளைக்குச் சில பக்கங்களுக்குப் பிறகு கதவு சாத்தப்படும். ஓராண்டு பழையதானால் மொத்தத் தரவையும் எல்லோருக்கும் இலவசமாக இறக்கி வைக்கிறார்கள். அதுவரை காத்திருக்க வேண்டும்.

தபால் உறையில் இலவசமாகப் பரிமாறிக்கொண்ட விதைகளில் தொடங்கிய வேலை இது.